76 நாள் டேட்டா போன கதை: சர்வர் ரூமைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

2022 அக்டோபர் 27, வியாழக்கிழமை. தீபாவளி விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த நாள். மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் ஏறி குர்லா, அங்கே மாறி காட்கோபர், அப்புறம் மெட்ரோவில் மரோல் நாக்கா என்று வழக்கமான பாதையில் எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பையில் ஆபீஸில் எல்லாருக்கும் கொடுக்க அம்மா கட்டித் தந்த தேன்குழல் டப்பா இருந்தது. சர்வர் ரூம் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. பிளாஸ்டிக் காய்ந்து கருகின வாடை. ஏசியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்றும் வந்தது. கையை நீட்டினால் அந்தக் காற்றே சூடாக இருந்தது. டப்பாவை எங்கே வைத்தேன் என்று சாயந்திரம் வரைக்கும் எனக்கு நினைவில்லை.

நாங்கள் கஸ்டம்ஸ் கிளியரிங் செய்யும், அதாவது கஸ்டமர்களின் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் நிறுவனம். விமான நிலையத்தின் சஹார் ஏர் கார்கோவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தேரி கிழக்கில் ஆபீஸ். அறுபது பேர் வேலை பார்க்கிறோம். ஐ.டி.க்கு நான் ஒருத்திதான், 2017-லிருந்து. சர்வர் ரூம் என்று பெயரே தவிர, பழைய ஸ்டேஷனரி அறை அது. ஆறடிக்கு எட்டடி, முன்னால் கண்ணாடித் தடுப்பு, உள்ளே சர்வர்களை அடுக்கும் ஒரு ரேக், ஏழு சர்வர், பேக்கப் சேமிக்க ஒரு நாஸ் பெட்டி, கீழே யுபிஎஸ். முதலில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி இரண்டு இருந்தன. அந்த வருஷம் மே மாதம் மீட்டிங் ரூம் ஏசி பழுதானபோது இங்கிருந்து ஒன்றைக் கழற்றி அங்கே மாட்டினார்கள். "ஒண்ணு போதும்ல?" என்று கேட்டார்கள். அறை குளுகுளு என்றுதான் இருந்தது. போதும் என்று நானும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வாரம் ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல், இதைத் தமிழில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். எனக்குக் கண்ணில் படவில்லை. அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஏசி. அன்று பத்து மணிக்கு தாராவியிலிருந்து மெக்கானிக் தம்பி வந்தான். திருநெல்வேலிப் பக்கம். அவுட்டோர் யூனிட்டைத் திறந்து, மேல்பக்கம் உப்பிப்போன ஒரு சின்ன உருளையைக் கழற்றி என் கையில் வைத்தான். "அக்கா, கெப்பாசிட்டர் போயிட்டு. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகாது, உள்ள ஃபேன் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். இது வீட்டுல படுக்கதுக்குப் போடுற மெசின். இதப் போய் ராப்பகலா அஞ்சு வருசமா ஓட்டியிருக்கீயளே?" புது கெப்பாசிட்டர் 450 ரூபாய். பத்து நிமிஷத்தில் மாட்டினான், குளிர் வந்துவிட்டது. வீட்டு ஏசி ஒரு நாளைக்கு எட்டுப் பத்து மணி நேரம் ஓடுவதை மனதில் வைத்துச் செய்தது. அது கெடுவது அதிசயமில்லை. கெட்டால் அடுத்து என்ன என்பதற்கு அந்த அறையில் பதில் இல்லாமல் போனதுதான் தவறு.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. ராத்திரி வாட்ச்மேன் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்து ரெஜிஸ்டரில் "ஏசி சாலூ" (ஏசி ஓடுகிறது) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். விடுமுறையில் நாலு ராத்திரியும். அவர் மேல் துளியும் தப்பில்லை. பச்சை விளக்கு எரிகிறதா பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தது நான். விளக்கு எரிந்தது, அவர் எழுதினார். அறையில் எத்தனை டிகிரி என்று காட்ட இருநூறு ரூபாய் தெர்மாமீட்டர் ஒன்றுகூட நான் மாட்டி வைக்கவில்லை.

சர்வர்கள் தாமே எழுதி வைக்கும் பதிவான லாக்கை எடுத்துப் பார்த்தபோது கதை வரிசையாகக் கிடைத்தது. ஞாயிறு இரவு 11:40-க்கு முன்பக்கக் காற்று 35 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. திங்கள், தீபாவளியன்று மதியம் 49. அக்டோபர் மாதத்து மும்பை வெயில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். புது சர்வர் இரண்டும் ஆபத்து வரம்பு தொட்டதும் தாமாகவே அணைந்துவிட்டன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2016-இல் வாங்கிய பழைய சர்வரில் மட்டும் அந்தப் பாதுகாப்பு பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்பில்) ஆஃப் ஆகிக் கிடந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எப்போதோ ஏதோ தொல்லைக்காக அணைத்திருக்க வேண்டும். நான் திறந்தே பார்த்ததில்லை. அதனால் அது மூன்று நாளும் அந்தச் சூட்டிலேயே ஓடியிருக்கிறது. எங்கள் ஜாப் டேட்டாபேஸும் (கஸ்டமரின் ஒரு சரக்கு வேலையை ஒரு ஜாப் என்போம்) ஸ்கேன் செய்த ஆவணங்களும் அதில்தான். உங்கள் சர்வர்களில் சூட்டில் அணையும் அமைப்பு ஆனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரீஸ்டார்ட் செய்யும் நேரம்தான் செலவு.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. பழைய சர்வரில் நாலு டெராபைட் டிஸ்க் நாலு, ரெய்டு 5, அதாவது நாலையும் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி ஓட்டும் முறை. ஒன்று செத்து ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஸ்டோரில் ஸ்பேர் டிஸ்க் இருந்தது. ஒரு டிஸ்க் போனால் ரெய்டு 5 தாங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பதறின கையோடு ஸ்பேரைச் சொருகினேன், செத்த டிஸ்க்கில் இருந்ததை ஸ்பேரில் மறுபடி உருவாக்கும் ரீபில்டு தொடங்கியது. 38 சதவீதத்தில் இரண்டாவது டிஸ்க் போனது. திரையில் அந்த வரி சிவப்பாக மாறியதைப் பார்த்தபோது காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது, காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி.

ரீபில்டு என்றால் மிச்சமிருக்கும் டிஸ்க்குகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மணிக்கணக்கில் படிப்பது. அவை எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயசு, ஒரே சூட்டில் வெந்தவை. சாதாரண சாட்டா டிஸ்க்குகளின் விவரத்தாளில், சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்ற கணக்குப் போட்டிருப்பார்கள். நாலு டெராபைட் டிஸ்க் மூன்றைப் படித்தால் 12 டெராபைட். அந்த எல்லையின் விளிம்பில் நின்றுகொண்டுதான் நான் பட்டனை அழுத்தினேன். ஒரு டிஸ்க் போன ரெய்டு இன்னும் திறக்கிறது என்றால், ஸ்பேரைத் தொடுவதற்கு முன்னால் முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். ரீபில்டு அதற்கப்புறம். பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 5 வேண்டாம் என்பது இப்போது என் முடிவு. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள், இல்லை எல்லாவற்றையும் இரட்டைக் காப்பியாக வைக்கும் ரெய்டு 10.

அப்போதும் எனக்கு முழு பயம் வரவில்லை. பேக்கப் இருக்கிறதே. தினமும் விடிகாலை மூன்று மணிக்கு நாஸ் பெட்டிக்கு பேக்கப் ஓடும், "வெற்றி, பிழை 0" என்று மெயில் வரும். அந்த மெயிலைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் காபி குடிப்பேன். நாஸைத் திறந்தேன். டேட்டாபேஸின் கடைசித் தேதி ஆகஸ்ட் 7. திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதே ஆகஸ்ட் 7. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இடம் போதவில்லை என்று டேட்டாபேஸை வேறு டிரைவுக்கு நானே மாற்றியிருந்தேன். பேக்கப் அமைப்பில் பழைய ஃபோல்டரை மாற்ற மறந்துவிட்டேன். பழைய ஃபோல்டரில் பழைய காப்பி ஒன்று அப்படியே கிடந்தது. பேக்கப் அதையே தினமும் உண்மையாக எடுத்து, உண்மையாகவே பிழை 0 என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 7-லிருந்து அக்டோபர் 22 வரைக்கும் 76 நாள். ஏறக்குறைய 1,900 ஜாப்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சேட் கத்தவில்லை. "கித்னே தின்?" என்று மட்டும் கேட்டார். எத்தனை நாள் ஆகும் என்று எனக்கே தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது டாக்குமென்டேஷனில் இருக்கும் மாட்டுங்கா மாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபீஸ் முழுக்க அவர் எல்லாருக்கும் மாமிதான். "எழுந்திரு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கஸ்டமர் நமக்கு மெயில்லதானே அனுப்பியிருப்பான்? மெயில் உன் சர்வர்ல இல்லையோன்னோ?" மெயில் வெளியே வேறு நிறுவனத்திடம் இருந்தது. அன்றிலிருந்து பதினோரு நாள் எட்டுப் பேர் உட்கார்ந்து மெயிலைத் திறந்து ஜாப் ஜாப்பாக மறுபடி டைப் செய்தோம். பல நாள் கடைசி மெட்ரோவில்தான் வீடு திரும்பினேன்.

எங்கள் தொழிலில் நேரம்தான் பணம், சட்டப்படியே. இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி குறித்த நேரத்துக்குள் போகவில்லை என்றால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு ஃபைல் செய்து தரும் எங்கள் மென்பொருள்தான் கிடையாது. கார்கோ டெர்மினலில் சரக்கு கிடந்து டெமரேஜ் என்ற கிடப்புக் கட்டணம் ஏறியது தனி. தவறு எங்களுடையது, அதனால் கஸ்டமர்களிடம் கேட்க முடியாது. தாமதக் கட்டணமும் டெமரேஜும் சேர்ந்து 4,10,000 ரூபாய் ஆபீஸ் கட்டியது.

டேட்டா ரெக்கவரி லேப் 2,85,000 ரூபாய் கேட்டது. ஜிஎஸ்டி சேர்த்து 3,36,300. அங்கே போனபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது?" நான் நாலையும் உருவி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோயிருந்தேன். வரிசையைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு இரண்டு நாள் கூடப் போனது. டிஸ்க்கை வெளியே எடுக்கும் முன் மார்க்கரால் 0, 1, 2, 3 என்று எழுதி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுதான டிஸ்க்கில் ரிப்பேர் கமாண்ட் எதையும் ஓட்டாதீர்கள். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். நல்லவேளையாக அதை நான் செய்யவில்லை. ஒன்பதாம் நாள் டேட்டாபேஸ் திரும்பி வந்தது, கடைசி ஒன்பது நாள் மட்டும் சிதைந்து. ஸ்கேன் ஆவணங்களில் ஐந்தில் நாலு பங்கு கிடைத்தது. மிச்சத்துக்கு மாமியின் மெயில் வழிதான்.

தற்காலிக டைப்பிஸ்ட், ஓவர்டைம் 62,000. புது டிஸ்க், இரண்டு புது ஏசி 1,38,000. எல்லாம் கூட்டினால் 9,46,300 ரூபாய். ஒரு பழைய கஸ்டமர் வேறு ஏஜெண்டிடம் போய்விட்டார். அதற்கு விலை போட முடியாது. எங்கள் ஆடிட்டர் இன்னொரு விஷயமும் சொன்னார். அந்த ஆகஸ்டில்தான் கம்பெனிக் கணக்கு விதிகளைத் திருத்தி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி இருக்க வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். கணக்கு டேட்டா எங்களிடம் வேறு மெஷினில் இருந்ததால் அந்த விதத்தில் தப்பித்தோம். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் இதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு வையுங்கள்.

நவம்பர் முழுக்க அந்த அறையை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தேன். முதலில் ஒரு நோட்டில் ஏழு சர்வரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒன்று பழைய சம்பள மென்பொருளுக்கு. 2019-லிருந்து அதை யாரும் தொடவில்லை. இன்னொன்று நின்றுபோன ஒரு பிராஞ்சுக்கானது. மூன்றாவதற்குச் சொந்தக்காரரே இல்லை. சந்தேகப்பட்ட மூன்றையும் அணைக்காமல் முதலில் நெட்வொர்க் வயரை மட்டும் உருவி ஒரு மாதம் விட்டேன். ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. அப்புறம்தான் டேட்டாவை எடுத்து வைத்துவிட்டு அணைத்தேன். மிச்சம் நாலு சர்வரின் வேலையை, ஒரே சர்வருக்குள் தனித்தனி சர்வர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷின்களாக மாற்றி, நல்ல நிலையில் இருந்த புது சர்வர் இரண்டில் ஏற்றினேன். புது மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்கவில்லை, அவற்றை ஓட்ட இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸ்மாக்ஸே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

கிளாம்ப் மீட்டர் பிடித்து அளந்தபோது முன்பு 3.1 கிலோவாட் இழுத்த ரேக் இப்போது 1.2 கிலோவாட். ராப்பகலாக ஓடுவதால் வருஷத்துக்கு 16,644 யூனிட் மிச்சம். எங்கள் பில்லில் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு அப்போது 14 ரூபாய் வந்தது. 2,33,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஏசிக்கு மிச்சமானது இதில் சேரவில்லை. யாருக்கும் வேண்டாத மெஷின்களுக்காக இவ்வளவு வருஷம் கரண்டும் கட்டி, அவை கக்கிய சூட்டைத் தணிக்க இன்னொரு முறை கரண்டும் கட்டியிருக்கிறோம். புது ஏசி, புது யுபிஎஸ் என்று கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் இந்த நோட்டை எழுதுங்கள். பாதி வாங்க வேண்டியே வராது.

ஏசிக் கணக்கு லேசானது. சர்வர் இழுக்கும் கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி என்றால் சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும். ஒன்றரை டன் 5.3 கிலோவாட். ஆகவே எங்கள் 3.1-க்கு ஒரு ஏசி காகிதத்தில் போதும். நான் போதும் என்று சொன்னதும் இதனால்தான். ஆனால் மும்பை ஈரப்பதத்தில் ஏசியின் சக்தியில் ஒரு பங்கு தண்ணீரைப் பிழியவே போகிறது. வெளியே வெயில் ஏறினால் இன்னும் குறைகிறது. அதைவிட, ஒன்று நின்றால் மற்றது முழுச் சுமையைத் தாங்க வேண்டும். அதனால் இப்போது இரண்டு ஏசி, ஒரு டைமர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாறி மாறி ஓடும், சூடு ஏறினால் இரண்டும் ஓடும்.

18-இல் வைத்திருந்த ஏசியை 24-க்கு ஏற்றியிருக்கிறேன். சர்வர் உறைகிற மாதிரி குளிர வேண்டும் என்று நம்பியிருந்தேன். அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே சொல்வது, சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது. ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று நம் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்கிறது. ஆனால் ரிமோட்டில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது, சர்வரின் முன்பக்கத்தில் அளக்க வேண்டும். வீட்டு நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளை நூலில் கட்டி ரேக்கின் முன்னால் பிடித்தேன். சர்வர் இருக்கும் இடத்தில் தாள் உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஒட்டியது. சர்வர் இல்லாத காலி இடைவெளிகளில் தாள் என் பக்கம் பறந்தது. பின்னாலிருந்து வெந்த காற்று அந்த ஓட்டைகள் வழியாகவே முன்னால் வந்து, மறுபடி சர்வருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. காலி இடங்களை பிளாங்கிங் பேனல் போட்டு மூடினேன். அன்று சாயந்திரமே மேல் சர்வரின் முன்பக்கக் காற்று 4 டிகிரி இறங்கியது.

யுபிஎஸ் பாட்டரிகளும் அந்தச் சூட்டில் வயிறு உப்பிப் போயிருந்தன. இந்தப் பராமரிப்பில்லா பாட்டரிகளுக்குப் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருஷம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். மும்பையில் கரண்ட் போவது அபூர்வம் என்பதால் நாம் இதைச் சோதிப்பதே இல்லை. 2020 அக்டோபர் 12 காலையில் மின் கட்டமைப்பே விழுந்து லோக்கல் ரயில்கள் நின்றபோது எங்கள் யுபிஎஸ் தாங்கியது. ஜெனரேட்டரும் வந்துவிட்டது. அதைப் பார்த்து எல்லாம் பத்திரம் என்று இரண்டு வருஷம் இருந்துவிட்டேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஞாயிறன்று மெயின் ஸ்விட்சை இறக்கி, கடிகாரம் வைத்துப் பார்க்கிறேன். யுபிஎஸ் சர்வரைத்தான் ஓட்டும், ஏசியை ஓட்டாது. ஆகவே சர்வர்கள் பத்து நிமிஷத்தில் தாமாக ஒழுங்காக அணையும்படி அமைத்திருக்கிறேன்.

அலாரத்துக்கு சிம் கார்டு போட்ட ஒரு டெம்பரேச்சர் கருவி, 6,500 ரூபாய். 30 டிகிரி தாண்டினால் என் போனுக்கும் சேட் போனுக்கும் வாட்ச்மேன் போனுக்கும் கால் வரும். மெயிலில் வரும் எச்சரிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். மெயில் அனுப்பவேண்டிய மெஷினே அந்தச் சூட்டில்தானே இருக்கிறது.

2023 மார்ச்சில் முக்கியமான இரண்டு சர்வரையும் நவி மும்பையில் ஒரு டேட்டா சென்டருக்கு மாற்றினோம். ஐரோலி, ரபாலே, மஹாபே என்று தானே-பேலாபூர் ரோடு நெடுக அவைதான். கிளவுடுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு புது சர்வர் கையில் இருந்தது, எங்கள் சுமை ராப்பகலாக ஒரே அளவு, அதனால் சொந்த சர்வரை அங்கே வைக்கும் இடவாடகைதான் மலிவாக வந்தது. சுமை ஏறி இறங்குகிற தொழிலென்றால் கணக்கு வேறு.

அங்கேயும் பட்டுத்தான் கற்றேன். வாடகை சதுர அடிக்கு இல்லை, நாம் கேட்டு வாங்கும் கேவிஏவுக்கு, அதாவது மின் சக்தி அளவுக்கு. பயத்தில் 3 கேவிஏ எழுதிக் கொடுத்தேன். தேவை 1.5-தான். கேவிஏவுக்கு மாதம் 9,000, ஒரு வருஷம் குறைக்க முடியாத ஒப்பந்தம். 1,62,000 ரூபாய் சும்மா போனது. கிளாம்ப் மீட்டர் எண் கையில் இருந்தும் அதை நம்பாமல் போனதற்கு என் மேலேயே எனக்குக் கோபம். யூனிட் மின்சாரத்தை பியூஇ என்ற எண்ணால் பெருக்கி பில் போடுவார்கள். கட்டடம் மொத்தமாக இழுப்பதை சர்வர்கள் இழுப்பதால் வகுத்தால் வருவது அது. எங்கள் ஒப்பந்தத்தில் 1.6 என்று நிலையாகப் போட்டிருந்தது. அவர்கள் சிக்கனம் செய்தாலும் நமக்குக் குறையாது. உண்மையான மாத அளவுப்படி போடச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள். ரிமோட் ஹேண்ட்ஸ் (அவர்கள் ஆளே நம் சர்வரைத் தொட்டு வேலை செய்வது), கிராஸ் கனெக்ட் (கட்டடத்துக்குள் வயர் இணைப்பு) என்று தனித்தனிக் கட்டணங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கேட் பாஸும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பி வந்தேன், உள்ளே கொண்டுபோக முன்கூட்டியே அவர்களிடம் டிக்கெட், அதாவது கோரிக்கை பதிவு, போட வேண்டுமாம்.

டயர் 3 என்ற தரம் கொண்ட டேட்டா சென்டர் என்றால் வருஷத்துக்கு 99.982 சதவீத நேரம் ஓடும், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும் என்று சொல்லி விற்பார்கள். ஜூலையில் ஒரு ராத்திரி எங்கள் சர்வர்கள் நாற்பது நிமிஷம் காணாமல் போயின. டேட்டா சென்டர் மேல் குற்றமில்லை. ஏ, பி என்று இரண்டு வழியில் கரண்ட் தருகிறார்கள், பராமரிப்புக்காக ஏ வழியை முன்னறிவித்தே அணைத்தார்கள். சர்வர்களுக்கு இரண்டு பவர் சப்ளை இருந்தது. எங்கள் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு ஒரே வயர், அது ஏ-யில் சொருகியிருந்தது. ஒற்றை வயர் கருவிகளுக்கு, ஒரு வழி போனால் மறு வழிக்குத் தானே மாறும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் வாங்கி வைத்த பிறகுதான் நிம்மதி.

பேக்கப் இப்போது மூன்று இடத்தில். டேட்டா சென்டரில் ஒன்று, மரோல் ஆபீஸ் நாஸில் ஒன்று, வாரம் ஒரு முறை வயரைக் கழற்றி அலமாரியில் பூட்டி வைக்கும் டிஸ்க்கில் ஒன்று. டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் வயரில்லாத டிஸ்க்கை அதனால் தொட முடியாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மீட்டுப் பார்க்கும் நாள். எந்த ஜாப்பை மீட்பது என்று நான் தேர்ந்தெடுக்கக் கூடாது, அதை மாமி சொல்வார். தனி மெஷினில் பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை ஏற்றி, அந்த ஜாப்பைத் திறந்து, ஸ்கேன் ஆவணம் வரைக்கும் காட்ட வேண்டும். முதல் முறை ஆறு மணி நேரம் ஆனது. மென்பொருளின் லைசென்ஸ் கீ எங்கே என்று தெரியவில்லை. அது பழைய சர்வரோடு போயிருந்தது. இப்போது கீ, பாஸ்வேர்டு, ஒப்பந்த எண் எல்லாம் எழுதிய கவர் ஒன்று சேட்டின் லாக்கரில் இருக்கிறது.

போன மாதம் மாமி டைரியைப் புரட்டி ஒரு நம்பர் சொன்னார். 2022 செப்டம்பர் ஜாப், அந்த 76 நாளில் ஒன்று. மெயிலில் இருந்து அவரே மறுபடி டைப் செய்தது. 38 நிமிஷத்தில் திரையில் வந்தது. மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்வாய்ஸ் தொகையைப் பைசா வரை ஒத்துப் பார்த்தார், பேக்கிங் லிஸ்டின் இரண்டாம் பக்கத்தையும் திறக்கச் சொன்னார். அப்புறம் ரெஜிஸ்டரில் தேதி போட்டு, நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டார்.